ஒரே பட்ஜெட், ஐந்து வழிகள்: மொபைல் நெட்வொர்க்கை வேகமாக்க எதில் பணம் போடுவது?

டேட்டா வேகமே இல்லை என்று புகார் குவிகிறது, நிர்வாகம் இந்த வருடமே ஏதாவது செய்யச் சொல்லிவிட்டது, கையில் இருக்கும் பணமோ ஒரு பெரிய வேலைக்குத்தான் வரும். இருக்கிற 4ஜியை மெருகேற்றுவதா, 3ஜியை மூடிவிட்டு அந்த அலைக்கற்றையை எடுத்துக்கொள்வதா, 5ஜிக்கே போய்விடுவதா? நெட்வொர்க் திட்டமிடலில் இருக்கும் நண்பர்கள், அதிலும் பெரிய நிறுவனங்களின் பண பலம் இல்லாத இடங்களில் வேலை பார்ப்பவர்கள், கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் நான் நேரில் பார்த்த ஒன்று. ஒரு நிறுவனம் தன் டவர் ஒன்றில் ரேடியோக்களை மாற்றி, புது பேண்ட் (அலைவரிசைப் பட்டை) சேர்த்து, மூன்று செக்டாருக்கும் (டவர் தன் சுற்றுவட்டாரத்தைத் திசைவாரியாகப் பிரித்த பகுதிகள்) செலவழித்துவிட்டு, வேகம் ஏறவே இல்லையே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தது. போய் டிராஃபிக் கிராஃபைத் திறந்து பார்த்தோம். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஏறிக்கொண்டே வந்த கோடு 150 எம்பிபிஎஸ்ஸைத் தொட்டதும் அங்கேயே நின்று, இரவு பதினொன்று வரை கத்தியால் சீவினாற்போலத் தட்டையாகப் போய், அப்புறம்தான் இறங்கியது. ஜனங்கள் டேட்டா பயன்படுத்துவது இப்படி நேர்கோட்டில் போகாது, மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். உச்சி தட்டையாக இருந்தால் ஏதோ ஒன்று மேலிருந்து அமுக்குகிறது என்று அர்த்தம். தேடிப்போனால், அந்த டவரிலிருந்து அடுத்த டவருக்கு டேட்டாவைக் கம்பியில்லாமல் கடத்தும் மைக்ரோவேவ் லிங்க். கருவி 400 வரை தாங்கும், ஆனால் அதற்கு வாங்கிப் போட்டிருந்த கெபாசிட்டி லைசென்ஸ் 150க்குத்தான். இரண்டு முனையிலும் லைசென்ஸை மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் இரவு அந்தத் தட்டை உச்சி காணாமல் போயிருந்தது.

அதனால்தான் யார் கேட்டாலும், எந்த வழி நல்லது என்பதற்கு முன்னால், எங்கே அடைபடுகிறது என்று அளந்தீர்களா என்று திருப்பிக் கேட்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

அடைப்பு எங்கே. ரேடியோவில் பிஆர்பி பயன்பாடு என்று ஒரு கணக்கு எல்லா நெட்வொர்க் மேலாண்மைக் கருவியிலும் கிடைக்கும். அந்த செக்டாரின் அலைக்கற்றையில் எத்தனை பங்கு அந்த நேரத்தில் வேலையில் இருக்கிறது என்பதைக் காட்டுவது. பிஸி ஹவரில் அது நிரம்பி வழிந்தால் ரேடியோவில்தான் பஞ்சம். பாதி காலியாக இருந்தும் வேகம் இல்லை என்றால் பேக்ஹாலையோ (டவரை நெட்வொர்க்கோடு இணைக்கும் பாதை) கோரையோ (நெட்வொர்க்கின் மையம்) பாருங்கள். நிரம்பியிருக்கிறது, ஆனால் போன டேட்டா ரொம்பக் குறைவு என்றால் சிக்னல் தரம் மோசம். ஆன்டெனாவின் சாய்வு தப்பாக இருக்கலாம், பக்கத்து செல் குறுக்கிடலாம், ஃபீடர் கேபிள் (ரேடியோவையும் ஆன்டெனாவையும் இணைப்பது) செக்டார் மாறி மாட்டியிருக்கலாம். ரேடியோ பஞ்சம், பேக்ஹால் அல்லது கோர் அடைப்பு, சிக்னல் தரம், இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

பிஸி ஹவரில் ஓரத்தில் இருக்கும் கடைசி ஆளுக்கு என்ன கிடைக்கிறது. டவருக்கு அடியில் நின்று அதிகாலையில் எடுத்த ஸ்பீட் டெஸ்டை வைத்து முடிவெடுக்கக் கூடாது. 20 மெகாஹெர்ட்ஸ் 4ஜி ஏட்டில் 150 எம்பிபிஎஸ் தரும் (இரண்டு ஆன்டெனா, 64 குவாம் என்ற குறியீட்டு முறை). பலர் பல தூரத்தில் இருந்து ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது அந்த செக்டார் முழுவதற்கும் சேர்த்துச் சராசரியாகக் கிடைப்பது 30, 40 தான். அதைத்தான் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

ஹேண்ட்செட். உங்கள் வாடிக்கையாளர் கையில் என்ன போன் இருக்கிறது? நூற்றுக்குப் பத்துப் பேரிடம் மட்டும் 5ஜி போன் இருந்தால், புது ரேடியோ அந்தப் பத்துப் பேருக்கு நேராகவும் மற்றவர்களுக்குச் சுற்றி வளைத்து, அதாவது இந்தப் பத்துப் பேர் 4ஜியை விட்டு நகர்ந்த அளவுக்கும்தான் உதவும்.

மாதா மாதம் போகும் பணம். கருவியின் விலை ஒரு தடவை. டவர் வாடகை, மின்சாரம், சாஃப்ட்வேர் லைசென்ஸ், பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் பத்து வருடம் தொடரும். டெண்டரில் முதலாவதைத்தான் பேரம் பேசுகிறார்கள், இரண்டாவதில்தான் மூழ்குகிறார்கள்.

அடுத்த படிக்குக் கைகொடுக்குமா. இன்று போடுவதை நான்கு வருடத்தில் கழற்றிப் போட வேண்டி வருமா? ஸ்பிரிண்ட் என்ற அமெரிக்க மொபைல் நிறுவனம் இதில் பட்ட பாடு தெரிந்ததுதான். அமெரிக்காவில் முந்திக்கொள்ள வேண்டும் என்று 2008இல் பால்டிமோரில் வைமாக்ஸ் என்ற வேறு ரக வயர்லெஸ் பிராட்பேண்டைத் தொடங்கியது. உலகம் எல்டிஇ, அதாவது இன்று 4ஜி என்று நாம் சொல்வதன் பக்கம் போய்விட்டது. போட்டி நிறுவனமான வெரைசன் 2010 டிசம்பரில் எல்டிஇயைத் தொடங்க, ஸ்பிரிண்ட் 2012இல் தானும் எல்டிஇக்கு மாறி, வைமாக்ஸை 2016இல் மூடியது. தொழில்நுட்பம் மோசமில்லை. ஆனால் போன் தயாரிப்பவர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்களோ அந்தப் பக்கம்தான் கடைசியில் நெட்வொர்க்கும் நிற்க முடியும்.

## ஐந்துக்கும் முன்னால்: பேக்ஹால்

இதைத் தனி வழியாக நான் எண்ணுவதில்லை, ஏனென்றால் கீழே சொல்லப்போகும் எதை எடுத்தாலும் இது இல்லாமல் நடக்காது. 3ஜி காலத்தில் பல நாடுகளில் டவருக்கு வந்தது செம்புக் கம்பியில் ஓடும் டி1 அல்லது இ1 லைன். ஒரு டி1 என்பது 1.544 எம்பிபிஎஸ். மேலே ரேடியோவை எச்எஸ்பிஏ 7.2க்கு (3ஜியின் வேகமான வடிவம், உச்சம் 7.2 எம்பிபிஎஸ்) ஏற்றினால், ஒரே ஒரு வாடிக்கையாளர் முழு வேகத்தில் இழுத்தாலே அப்படி ஐந்து லைன் வேண்டும். அமெரிக்காவின் ஏடி அண்ட் டி 2009இல் அந்த 7.2 மேம்பாட்டை அறிவித்தபோது டவர்களுக்கு ஃபைபர் இழுப்பதையும் அதே மூச்சில் சொன்னது இதனால்தான்.

இன்றைக்குக் கணக்கு மாறியிருக்கிறது, கதை மாறவில்லை. வழக்கமான மைக்ரோவேவ் லிங்க் சில நூறு எம்பிபிஎஸ் தரும், 4ஜிக்குச் சமாளிக்கும். 100 மெகாஹெர்ட்ஸ் 5ஜி மூன்று செக்டாரில் போட்டால் டவருக்கு 10 ஜிபிபிஎஸ் வரை யோசிக்க வேண்டும். அதற்கு ஃபைபர், அல்லது 71-76, 81-86 கிகாஹெர்ட்ஸில் ஓடும் இ-பேண்ட் லிங்க். இ-பேண்ட் 10 ஜிபிபிஎஸ் வரை தரும், மாட்டுவதும் சீக்கிரம், ஆனால் இரண்டு மூன்று கிலோமீட்டரைத் தாண்டினால் பலத்த மழையில் படுத்துவிடும். ஃபைபருக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு கேபிளுக்குப் போவதில்லை. குழி தோண்டும் அனுமதி, சாலை வெட்டியதைச் சரிசெய்யும் கட்டணம், யாரோ ஒருவர் மறுபடி தோண்டும்போது அறுபடுவது என்று அதில்தான் போகிறது. காலமும் அதில்தான் போகிறது. ரேடியோ மூன்று வாரத்தில் மாட்டிவிடலாம், ஃபைபர் ஒன்பது மாதம் ஆகலாம், அதனால் ரேடியோ ஆர்டருக்கு முன்னால் ஃபைபர் ஆர்டரைப் போடுங்கள்.

## வழி 1: இருக்கிற 4ஜியையே பிழிவது

பெரும்பாலானவர்கள் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. இதில் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது.

முதலில் காசில்லாத வேலை. ஆன்டெனா சாய்வைத் திருத்துவது, நெய்பர் லிஸ்ட்டைச் (போன் நகரும்போது மாறக்கூடிய பக்கத்து செல்களின் பட்டியல்) சுத்தம் செய்வது, மாறிக் கிடக்கும் ஃபீடரைச் சரியாக மாட்டுவது, ஒரு பேண்ட் நிரம்பி வழியும்போது பக்கத்து பேண்ட் சும்மா கிடந்தால் சுமையைப் பிரித்துவிடுவது. இரண்டு நல்ல ஆப்டிமைசேஷன் ஆட்களை மூன்று மாதம் விட்டால் என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசலாம்.

அப்புறம் லைசென்ஸில் வருவது. 64 குவாமில் ஒரு குறியீட்டுக்கு 6 பிட், 256 குவாமில் 8 பிட். ஆக உச்ச வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும், 150 எம்பிபிஎஸ் கிட்டத்தட்ட 200 ஆகும். ஆனால் சிக்னல் மிகச் சுத்தமாக இருக்கும் இடத்தில் மட்டும்தான், அதாவது ஏற்கெனவே நல்ல வேகம் பெறுகிறவருக்குத்தான். கடைசி ஆளுக்கு இதனால் நேரடிப் பயன் இல்லை. பக்கத்தில் இருப்பவர் தன் வேலையைச் சீக்கிரம் முடித்து இடத்தைக் காலி செய்வார், அவ்வளவுதான். நான்கு ஆன்டெனா மைமோ (பல ஆன்டெனாவில் ஒரே நேரத்தில் அனுப்பி வாங்குவது) வேறு ரகம். உச்சம் கிட்டத்தட்ட 400க்குப் போவது ஒரு பக்கம் இருக்கட்டும், நான்கு ஆன்டெனாவில் வாங்குவதால் ஓரத்தில் இருப்பவரின் அப்லிங்கும் (போனிலிருந்து டவருக்கு வருவது) தெளிவாகக் கேட்கும். எனக்குப் பிடித்த மேம்பாடு இது.

கேரியர் அக்ரிகேஷனைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவிக் கிடக்கிறது. மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் ரிலீஸ் 10இல் வந்த இது இரண்டு மூன்று பேண்டைச் சேர்த்து ஒரே போனுக்குக் கொடுக்கும். சாலை காலியாக இருக்கும்போது இரண்டு லேனிலும் ஒருவரே ஓடுவது மாதிரி, அருமையாக இருக்கும். ஆனால் இரண்டு லேனும் நிரம்பியிருக்கும் சாயங்காலத்தில் இதனால் புது லேன் முளைக்காது. சுமை இரண்டுக்கும் சமமாகப் பிரியும், அந்த அளவுக்கு லாபம். அலைக்கற்றையே போதாத இடத்தில் இதை விற்பவர் சொல்லும் வேகம் ஸ்பீட் டெஸ்டில் மட்டும் தெரியும்.

மறைந்திருக்கும் செலவு: நான்கு போர்ட் ஆன்டெனாவுக்கு டவர் நிறுவனம் கூடுதல் வாடகை கேட்கும், காற்றழுத்தக் கணக்கைத் திரும்பப் போடச் சொல்லும். சாஃப்ட்வேர் லைசென்ஸ் செக்டார் செக்டாராக எண்ணப்படும். இரண்டையும் கையெழுத்துக்கு முன்னால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இது சரியாக வரும் இடம்: 5ஜி போன் குறைவு, அலைக்கற்றை ஓரளவு உண்டு, ரேடியோ ஐந்து வருடத்துக்குள் வாங்கியது. பணம் குறைவாக, காலமும் குறைவாக இருந்தால் இதைத்தான் சொல்வேன்.

## வழி 2: 3ஜியை மூடி அந்த அலைக்கற்றையை எடுப்பது

அலைக்கற்றை ஏலத்தில் பணம் கொட்டாமல் அலைக்கற்றை கிடைக்கும் ஒரே வழி. 5 மெகாஹெர்ட்ஸில் எச்எஸ்பிஏ பிளஸ், 64 குவாமில் 21 எம்பிபிஎஸ் உச்சம் தரும். அதே 5 மெகாஹெர்ட்ஸில் இரண்டு ஆன்டெனா எல்டிஇ ஏறக்குறைய 37 தரும். அந்த 3ஜி 850, 900 போன்ற தாழ்ந்த பேண்டில் இருந்தால் இன்னும் நல்லது, சுவர் தாண்டிப் போகும், ஓரத்து வீடுகளுக்கும் எட்டும். ஜெர்மனியில் டாய்ச் டெலிகாம் 2021 ஜூன் கடைசியில் 3ஜியை மூடியது, ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரியில் மூடியது.

காகிதத்தில் மலிவு. ஆனால் இந்த ஐந்தில் மனிதர்களுக்கு நேரடியாகத் தீங்கு நேரக்கூடிய வழி இது ஒன்றுதான், அதனால் இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

4ஜியில் பேச்சுக்கென்று தனிப் பாதை கிடையாது. வோல்டிஇ இருந்தால் பேச்சும் டேட்டாவாகப் போகும், இல்லாவிட்டால் அழைப்பு வந்ததும் போன் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் பேசும். 3ஜியை மூடினால் அந்தப் படிக்கட்டில் ஒரு படி போகிறது. ஆஸ்திரேலியாவில் இது எவ்வளவு நுணுக்கமான சிக்கல் என்று தெரிந்தது. சில போன்கள் சாதாரண அழைப்பை வோல்டிஇயில் அழகாகப் பேசும், அவசர எண் 000 அடித்தால் மட்டும் 3ஜியைத் தேடும். வைத்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது, தெரியவரும் நாள் உயிர் போகும் நாளாக இருக்கலாம். அதனால் மூடும் தேதியைத் தள்ளிவைத்து, 2024 அக்டோபர் 28இல்தான் டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் மூடத் தொடங்கின. அப்படிப்பட்ட போன்களை நெட்வொர்க்கிலேயே தடுக்க வேண்டியும் வந்தது. உங்கள் நெட்வொர்க்கில் எந்த மாடல் அவசர அழைப்பை எதில் போடுகிறது என்று மாடல் மாடலாகச் சோதிக்காமல் தேதி குறிக்காதீர்கள். போன் தயாரிப்பாளர் தரும் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள், அந்த மாடலை வாங்கி மேசையில் வைத்துச் சோதியுங்கள்.

போன் இல்லாத வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டால் அழுத்தும் பொத்தான், கார்டு தேய்க்கும் கருவி, மின் மீட்டர், திருட்டு அலாரம். இவற்றில் பல 2ஜியில் இருப்பதால்தான் ஐரோப்பாவில் பலர் 3ஜியை முதலில் மூடி 2ஜியை மெல்லிய கீற்றாக விட்டு வைத்திருக்கிறார்கள். 2ஜியின் ஜிஎஸ்எம் ஒரு சேனலுக்கு 200 கிலோஹெர்ட்ஸ்தான் கேட்கும், அதனால் அப்படி விட்டு வைப்பது பெரிய இழப்பில்லை. எனக்கும் அந்த வரிசைதான் சரியாகப் படுகிறது.

மறைந்திருக்கும் செலவு: பழைய போன் வைத்திருப்பவருக்குப் புது போன் மானியம், கால் சென்டரில் மாதக்கணக்கில் வரும் கூட்டம், கோபத்தில் வேறு நிறுவனத்துக்குப் போகும் வாடிக்கையாளர்கள். போகிறவர்களில் வருடக்கணக்கில் ஒழுங்காகப் பணம் கட்டிய வயதானவர்களும் இருப்பார்கள்.

இது சரியாக வரும் இடம்: 3ஜி டிராஃபிக் தேய்ந்துவிட்டது, வோல்டிஇ வேரூன்றிவிட்டது, 4ஜி கவரேஜ் 3ஜியைவிட எங்கேயும் குறையவில்லை. "எங்கேயும்" என்பதை அழுத்திச் சொல்கிறேன்; சராசரியில் குறையவில்லை என்பது போதாது.

## வழி 3: 4ஜி கோர் மேலே 5ஜி ரேடியோ (என்எஸ்ஏ)

3ஜிபிபி 2017 டிசம்பரில் முடித்துக்கொடுத்த முதல் 5ஜி தரம் இதுதான். கோரும் கட்டுப்பாட்டுச் செய்திகளும் 4ஜியிலேயே இருக்கும், டேட்டாவுக்கு மட்டும் 5ஜி ரேடியோ சேரும். 2019 ஏப்ரலில் தென் கொரியாவிலும் அமெரிக்காவிலும் தொடங்கியது இந்த வகைதான்.

இதன் பலம் முழுக்க 3.5 கிகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டார நடு பேண்டில் இருக்கிறது. ஒரே இடத்தில் 100 மெகாஹெர்ட்ஸ், அதன்மேல் 64 ஆன்டெனா மாசிவ் மைமோ. நெரிசலான செக்டாரில் இதற்கு ஈடாக வேறு எதையும் நான் பார்த்ததில்லை, 4ஜியில் பத்துகளில் பேசிய சராசரியை நூறுகளில் பேசலாம். டி-மொபைல் ஸ்பிரிண்டை 2020இல் வாங்கியதில் பெரிய சொத்தே அந்த 2.5 கிகாஹெர்ட்ஸ்தான். மறுபக்கம், மில்லிமீட்டர் அலையை (28 கிகாஹெர்ட்ஸ் போன்ற மிக உயர்ந்த பேண்ட்) நம்பித் தொடங்கிய வெரைசன் 2021 சி-பேண்ட் (நடு பேண்ட்) ஏலத்தில் முன்னணியில் நின்று வாங்கியது. அந்த ஏலம் மொத்தம் 8,100 கோடி டாலரைத் தாண்டியது.

பலவீனம் இயற்பியலில் இருக்கிறது. வெற்றிடத்தில்கூட 700 மெகாஹெர்ட்ஸைவிட 3.5 கிகாஹெர்ட்ஸுக்கு 14 டெசிபல் இழப்பு கூடுதல், சுவர் நடுவில் வந்தால் இன்னும் மோசம். டவரின் குரலை மாசிவ் மைமோ கூர்மையாக்கி இதை ஈடுகட்டிவிடும். போனின் குரலை யார் கூட்டுவது? வழக்கமான போன் 200 மில்லிவாட்டில்தான் பேசும், அதுவும் டிடிடியில் (ஒரே அலைவரிசையில் அனுப்புவதும் வாங்குவதும் மாறி மாறி நடப்பது) நேரத்தின் சின்னப் பங்குதான் அப்லிங்குக்கு. அதனால் ஓரத்துக்குப் போனால் டவுன்லிங்க் வரும், அப்லிங்க் 4ஜிக்கு விழும். வீடியோ கால் திக்கித் திணறுவதற்கு இதுதான் பல இடங்களில் காரணம்.

மறைந்திருக்கும் செலவு இதில்தான் அதிகம், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஒரு மாசிவ் மைமோ பெட்டி 25 முதல் 40 கிலோ, மூன்று மாட்டினால் டவர் தாங்குமா என்று பார்க்க வேண்டும். முழுச் சுமையில் ஒன்று ஏறக்குறைய 1 கிலோவாட் இழுக்கும், ஆகவே ரெக்டிஃபையர், பேட்டரி, டீசல் ஜெனரேட்டர் மூன்றையும் பெரிதாக்க வேண்டி வரலாம். பேட்டரி பேக்கப் நான்கு மணி நேரம் நின்ற இடத்தில் இரண்டு மணி நேரம்தான் நிற்கும், இதை யாரும் முதலில் கணக்கில் எழுதுவதில்லை.

அடுத்தது நேரம். வழக்கமான எஃப்டிடி 4ஜிக்கு (அனுப்ப ஒரு அலைவரிசை, வாங்க இன்னொன்று) அலைவரிசை துல்லியமாக இருந்தால் போதும். டிடிடிக்கு எல்லா டவரும் பிளஸ் மைனஸ் 1.5 மைக்ரோ வினாடிக்குள் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு டவர் பேசும்போது பக்கத்து டவர் கேட்டுக்கொண்டிருக்கும், போன் பேசுவது அதன் காதில் விழாது. அதற்கு டவர்தோறும் ஜிபிஎஸ் ஆன்டெனா, அல்லது பேக்ஹால் முழுவதும் நேரத்தைக் கடத்தும் ரவுட்டர்கள். ஒரு ஜிபிஎஸ் கேபிள் கனெக்டரில் தண்ணீர் இறங்கி ஒரு டவர் கடிகாரம் தப்பினதால் சுற்றியிருந்த டவர்களின் அப்லிங்க் எல்லாம் கெட்டதைப் பார்த்திருக்கிறேன். பழுதான டவரை விட்டுவிட்டு மற்ற டவர்களை இரண்டு நாள் நோண்டிக்கொண்டிருந்தார்கள்.

நடு பேண்ட் அலைக்கற்றை இல்லாதவர்களிடம் டிஎஸ்எஸ் என்று ஒன்றை விற்க வருவார்கள், 4ஜியும் 5ஜியும் ஒரே பேண்டைப் பகிர்ந்துகொள்வது. போன் திரையில் 5ஜி என்று வரும், வேகம் வராது. இரண்டுக்குமான கட்டுப்பாட்டுச் சிக்னல்களும் அதே இடத்தில் ஓடுவதால் மொத்தக் கொள்ளளவு கொஞ்சம் குறையவே செய்யும். எஸ்ஏ (அடுத்து வரும் முழு 5ஜி) போடும்போது கவரேஜுக்கு ஒரு தாழ்ந்த பேண்ட் வேண்டும் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

இது சரியாக வரும் இடம்: நடு பேண்ட் கையில் இருக்கிறது, பிஸி ஹவரில் பிஆர்பி நிரம்பிவிடுகிறது, 5ஜி போன் கணிசமாகப் பரவிவிட்டது, 4ஜி கவரேஜ் உறுதியாக இருக்கிறது.

## வழி 4: முழு 5ஜி (எஸ்ஏ)

கோரும் புதிது, 4ஜியின் துணை வேண்டாம். டி-மொபைல் 2020 ஆகஸ்ட்டில் 600 மெகாஹெர்ட்ஸ் வைத்து நாடு முழுவதும் தொடங்கியது. 2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி வந்தபோது ஜியோ எஸ்ஏ வழியிலும் ஏர்டெல் என்எஸ்ஏ வழியிலும் போனதைக் கவனித்திருப்பீர்கள். ஜியோவிடம் கவரேஜுக்கு 700 மெகாஹெர்ட்ஸ் இருந்தது. ஏர்டெல்லிடம் நடு பேண்டுக்கு அடிதாங்க நல்ல 4ஜி இருந்தது. கையில் இருந்ததை வைத்து ஆளுக்கொரு பாதை, இரண்டுமே அவரவர் நிலையில் நியாயம்தான்.

எஸ்ஏ போட்டதும் ஸ்பீட் டெஸ்ட் எகிறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதே ரேடியோ, அதே அலைக்கற்றை என்றால் டவுன்லோடு வேகம் ஏறக்குறைய அதேதான்; 4ஜி பங்கு கழன்றுகொள்வதால் முதலில் குறையக்கூடச் செய்யலாம். லாபம் வேறு இடங்களில் இருக்கிறது: லேட்டன்சி (தாமதம்) குறையும், போன் இரண்டு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், வீட்டு பிராட்பேண்டையும் மொபைலையும் தனித்தனி ஸ்லைஸாகப் பிரித்து ஒன்று மற்றதைத் தின்னாமல் வைக்கலாம். அந்தக் கடைசி விஷயம் ஃபிக்சட் வயர்லெஸ் (வீட்டு இணையத்தை டவரிலிருந்தே தருவது) விற்கப் போகிறவர்களுக்கு உயிர் மாதிரி. ஒரு வீட்டு இணைப்பு இழுக்கும் டேட்டா ஒரு போன் இழுப்பதைப் போலப் பல மடங்கு, தடுப்பு வைக்காவிட்டால் பத்து வீடு சேர்ந்து ஒரு செக்டாரையே படுக்க வைத்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு ஆட்களில் இருக்கிறது. கோர் முழுக்க கிளவுட் முறையில் ஓடும் சாஃப்ட்வேர், பழைய கோரைக் கரைத்துக் குடித்தவர்களுக்கும் அது புதுப் பாடம். பேச்சுக்கு வோஎன்ஆர் (5ஜியிலேயே பேசும் முறை) தயாராகும்வரை அழைப்பு வந்தால் 4ஜிக்கு இறங்கத்தான் வேண்டும், அதனால் 4ஜியை மூடிவிடலாம் என்ற கணக்கு இப்போதைக்கு இல்லை. போன் எஸ்ஏ தாங்கினாலும் உங்கள் நெட்வொர்க்குக்கு அதைத் திறந்துவிட தயாரிப்பாளர் அப்டேட் தர வேண்டும், அதற்கு வரிசையில் நிற்க வேண்டும்.

## வழி 5: சிறு செல்களும் மில்லிமீட்டர் அலையும்

மைதானம், ரயில் நிலையம், பெரிய கட்டடத்தின் உட்பகுதி என்று கூட்டம் ஓரிடத்தில் குவியும் இடத்துக்கு மட்டும். 28 கிகாஹெர்ட்ஸ் வேகம் நிஜம்தான், ஆனால் சுவர், மரம், உள்ளங்கை எதுவும் அதை நிறுத்திவிடும். தென் கொரியாவில் மூன்று நிறுவனங்களுக்கும் 28 கிகாஹெர்ட்ஸ் கொடுத்தும், ஒப்புக்கொண்ட எண்ணிக்கையில் நிலையங்களைப் போடாததால் 2022, 2023இல் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. சிறு செல்லில் பெட்டி மலிவு. கம்பம், கம்பத்துக்கு அனுமதி, கம்பத்துக்கு மின்சாரம், கம்பத்துக்கு ஃபைபர், இந்த நாலும்தான் செலவு.

## ஒரே பார்வையில்

| | வழி 1: 4ஜி மெருகு | வழி 2: 3ஜி மூடல் | வழி 3: என்எஸ்ஏ | வழி 4: எஸ்ஏ | வழி 5: சிறு செல் |
|---|---|---|---|---|---|
| கொள்ளளவு கூடுமா | ஓரளவு | ஓரளவு | பெரிதும் | ரேடியோவைப் பொறுத்தது | அந்த இடத்தில் மட்டும் பெரிதும் |
| ஓரத்தில் இருப்பவருக்கு | நான்கு ஆன்டெனாவால் பயன் | தாழ்ந்த பேண்டால் நல்ல பயன் | குறைவு | தாழ்ந்த பேண்ட் இருந்தால் உண்டு | இல்லை |
| பழைய போனுக்கு | உண்டு | 4ஜி போனுக்கு உண்டு, 3ஜி போனுக்குக் கேடு | மறைமுகமாக | மிகக் குறைவு | செல் 4ஜியாக இருந்தால் உண்டு |
| எவ்வளவு காலம் | சில மாதம் | ஒன்று, இரண்டு வருட முன்னறிவிப்பு | ஃபைபரைப் பொறுத்தது | ஒரு வருடத்துக்கு மேல் | அனுமதியைப் பொறுத்தது |
| கண்ணில் படாத செலவு | டவர் வாடகை, லைசென்ஸ் | அவசர அழைப்பு, மீட்டர், லிஃப்ட் | மின்சாரம், எடை, நேர ஒத்திசைவு | ஆட்கள், போன் அப்டேட் | கம்பம், ஃபைபர் |

## நானாக இருந்தால்

பணம் ஒரு வேலைக்குத்தான் என்றாலும் வரிசை என்று ஒன்று இருக்கிறது. எல்லா டவரின் பிஸி ஹவர் கிராஃபையும் எடுத்து உச்சி தட்டையாக இருப்பவற்றைத் தனியே வைப்பேன், அவற்றுக்குப் பேக்ஹால் மட்டும். மிச்சத்தில் பிஆர்பி நிரம்பியவை எத்தனை என்று எண்ணுவேன். நெருக்கடி எப்போதும் சில டவர்களில்தான் குவியும், அந்தச் சிலவற்றுக்கு மட்டும் நடு பேண்ட் என்எஸ்ஏ, அதுவும் பின்னால் சாஃப்ட்வேர் மாற்றினால் எஸ்ஏ ஆகக்கூடிய ரேடியோ. மற்ற எல்லா இடத்துக்கும் வழி 1. ஊர் முழுக்க 5ஜி என்ற விளம்பரத்துக்காகக் காலியாக இருக்கும் செக்டாரில் 40 கிலோ பெட்டியை ஏற்ற மாட்டேன். 3ஜி மூடல் பேச்சை இன்றே தொடங்கி, சோதனை முடியும்வரை தேதி சொல்ல மாட்டேன்.

நடு பேண்டே இல்லையென்றால் வழி 1, வழி 2 இரண்டும்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. 4ஜியே இல்லாத புது நிறுவனம், அல்லது வீட்டு பிராட்பேண்டுதான் தொழில் என்றால் வழி 4க்கு நேராகப் போகலாம்.

எதை எடுத்தாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பத்து டவரில் சோதனை கேளுங்கள், இரண்டு வாரம் போதும். அந்தப் பத்தை விற்பவர் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். மிக நீளமான மைக்ரோவேவ் லிங்க் உள்ளது ஒன்று, கரண்ட் அடிக்கடி போகிற இடத்தில் ஒன்று, புகார் அதிகம் வருகிற இடத்தில் குறைந்தது இரண்டு என்று அதில் இருக்க வேண்டும். அளவெடுப்பது பிஸி ஹவரில், மின் மீட்டர் அளவும் சேர்த்து. அந்த அளவுகளை ஒப்பந்தத்தின் இணைப்பாகப் போட்டு, மொத்தப் பணியும் முடிந்த பிறகு எண்கள் அதற்குக் கீழே போனால் கடைசித் தவணை நிற்கும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.